‘நெட் நல்லதுதான் சார்!’ – அப்புறம் ஏன் வாங்கவில்லை?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. மேலாளர் கூப்பிடுவார். “இந்த ஏரியாவுல ஃபைபர் இழுக்கப் போறோம். எத்தனை வீடு எடுக்கும்னு ஒரு சர்வே போட்டுடு. பத்து நாள் போதும்ல?” தலையாட்டிவிட்டு வெளியே வருவீர்கள். அன்று மாலைக்குள் கூகுள் ஃபார்மில் பதினைந்து கேள்விகள் தயார்.

என் முதல் சர்வேயும் அப்படித்தான் பிறந்தது. ‘வீட்டில் இணைய வசதி இருப்பது குடும்பத்துக்குப் பயன்படும் என்று நினைக்கிறீர்களா?’ என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் ஆமாம் என்றார்கள். அறிக்கையில் பச்சை நிறத்தில் உயரமாக ஒரு கட்டம் எழுந்து நின்றது. நிறுவனமும் நம்பிக் கம்பி இழுத்தது. இணைப்பு எடுத்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மக்கள் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு ‘ஆமாம்’ தவிர வேறு பதிலே கிடையாது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் நல்லதா, மழை நல்லதா, நெட் நல்லதா? நல்லதுதான்.

பிராட்பேண்ட் நிறுவனத்திலோ சந்தை ஆய்வு ஏஜென்சியிலோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், எம்.பி.ஏ. பிராஜெக்ட்டுக்காக இந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு முழிப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

முதலில், எந்த நெட்?

“வீட்ல நெட் இருக்காம்மா?” என்று கேளுங்கள். “இருக்கே” என்று கையில் இருக்கும் போனைக் காட்டுவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். தேசிய மாதிரி ஆய்வின் 2017–18 கணக்குப்படி இந்தியாவில் நூற்றுக்கு 24 வீடுகளில்தான் இணைய வசதி இருந்தது. 2025 தொடக்கத்தில் எடுத்த தொலைத்தொடர்பு ஆய்வில் அது 86 ஆகிவிட்டது. இடையில் சுவர் துளைத்துக் கம்பி வந்ததால் ஏறிய எண் அல்ல அது. ஏறக்குறைய முழுக்கச் செல்போன் செய்த வேலை. 2024இல் நாடு முழுக்கக் கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 4 கோடிதான். கம்பியில்லா இணைப்புகள் 90 கோடி.

ஆகவே படிவத்தின் முதல் பக்கத்திலேயே இதைப் பிரித்துவிடுங்கள். மாதக் கட்டணம் கட்டும் ஃபைபர் அல்லது கேபிள் இணைப்பு, போன் டேட்டா மட்டும், ஒருவர் போனிலிருந்து மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட், பக்கத்து வீட்டு வைஃபை. கடைசியாகச் சொன்னதைச் சிரிப்பாக எண்ணிவிட வேண்டாம். மாடி வீட்டுக்காரர் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் கீழ்வீட்டுக்காரர் எந்தக் காலத்திலும் உங்கள் வாடிக்கையாளர் ஆகமாட்டார். இதைக் கேட்காத படிவம் அவரை ‘ஆர்வமில்லாதவர்’ கணக்கில் எழுதிவிடும்.

இன்னொரு பிரிப்பு, என் கணக்கில் இதுதான் மிக முக்கியம்: இப்போது வைத்திருப்பவர், எப்போதும் வைத்திராதவர், வைத்திருந்து துண்டித்தவர். துண்டித்தவரைப் பெரும்பாலான படிவங்கள் ‘இல்லை’ என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிடுகின்றன. அவரிடம் இருக்கும் தகவலோ மற்ற இருவரிடமும் கிடைக்காது. கம்ப்ளெயின்ட் கொடுத்து எத்தனை நாள் கழித்து ஆள் வந்தார், மழைக்குப் பிறகு எத்தனை நாள் வரவில்லை, கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பு முடிந்ததும் யார் ‘இனி எதுக்கு?’ என்றார் என்று தேதி வாரியாகச் சொல்வார். நேரம் குறைவாக இருந்தால் மற்றவர்களைக் குறைத்துக்கொண்டு இவர்களிடம் அதிகம் பேசுங்கள்.

மனசு வேறு, கை வேறு

1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள் மீது அங்கே வெறுப்பு மிகுந்திருந்த காலம். 251 விடுதிகளும் உணவகங்களும் ஏறி இறங்கினார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் இடம் மறுக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து அதே இடங்களுக்கு ‘சீனர்களை ஏற்பீர்களா?’ என்று கடிதம் எழுதினார். பதில் போட்ட 128 பேரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ‘ஏற்கமாட்டோம்’ என்றார்கள். 1934இல் வந்த அந்தக் கட்டுரையின் குறைகளைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் காகிதத்தில் சொல்வதும் வாசலில் செய்வதும் ஒன்றல்ல என்ற அடிப்படை இன்றும் நிற்கிறது. நம் வேலையில் அது தலைகீழாக வரும்: காகிதத்தில் வரவேற்பு, வாசலில் மறுப்பு.

இந்த இடைவெளியை விளக்கத்தான் பாடப்புத்தக மாதிரிகள் பிறந்தன. ஃபிரெட் டேவிஸ் 1989இல், ஒரு தொழில்நுட்பத்தை ஆள் ஏற்பதற்கு ‘இது பயன்படும்’, ‘இது எளிது’ என்ற இரண்டு எண்ணங்களே ஆணிவேர் என்றார். பிராஜெக்ட் மாணவர்கள் பெரும்பாலும் இதையே எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் அது அலுவலகக் கணினியில் உட்கார்ந்திருக்கும் தனி ஆளை மனத்தில் வைத்துச் செய்தது. நம்மூரில் வைஃபையைப் பயன்படுத்தத் தெரியாமல் யாரும் தயங்குவதில்லை; யூடியூப் பார்க்க எந்தப் பாட்டிக்கும் பயிற்சி வேண்டாம். எளிமை என்பதற்கு இங்கே வேறு பொருள்: கம்பி எப்படி உள்ளே வரும், கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது?

எனக்கு அதிகம் உதவியவை வேறு இரண்டு. ஒன்று, ஐசெக் அய்சன் என்பவரின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு. அது மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறது. இது நல்லது என்று நினைக்கிறாரா? அவருக்கு வேண்டியவர்கள் என்ன நினைக்கிறார்கள்? செய்வது அவர் கையில் இருக்கிறதா? மற்றொன்று, விஸ்வநாத் வெங்கடேஷும் சூசன் பிரவுனும் அமெரிக்க வீடுகள் கணினி வாங்கியதைப் பின்தொடர்ந்து 2001இல் எழுதியது. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ‘வாங்கமாட்டேன்’ என்றவர்கள் சொன்ன சொல்லில் உறுதியாக இருந்தார்கள். ‘வாங்குவேன்’ என்றவர்கள் அந்த அளவுக்கு இல்லை. மேலாளரின் மேசைக்கு எதிரே ஒட்டிவைக்க வேண்டிய செய்தி இது. ‘வேண்டாம்’ என்பதை நம்புங்கள். ‘வேணும்’ என்பதைத் தட்டிப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வியை, அதாவது ‘கையில் இருக்கிறதா?’ என்பதை நம்மூருக்குப் பொருத்திப் பாருங்கள். வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். பதினொரு மாத ஒப்பந்தம்; அடுத்த வருடம் எந்தத் தெருவோ. கரண்ட் போனால் பெட்டியும் போகும். இன்வெர்ட்டர் லைன் ஹாலுக்கு மட்டும்தான். தெருவின் கேபிள்காரர் இருபது வருடப் பழக்கம். அவரை விட்டு வேறு ஆளிடம் எடுத்தால் மனஸ்தாபம். இந்த நிலையில் இருப்பவர்கள் அனைவரும் ‘இணையம் பயனுள்ளது’ என்ற கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பார்கள். எடுக்கமாட்டார்கள்.

யாரைக் கேட்பது?

செல்போன் ஆளின் முடிவு. வைஃபை வீட்டின் முடிவு. இந்த வேலையில் நான் கற்ற ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அப்பா பில்லைப் பார்ப்பார். அம்மா, பிள்ளைகள் ராத்திரி எத்தனை மணி வரை முழித்திருப்பார்கள் என்று பார்ப்பார். கல்லூரி முடித்த மகளுக்கு வீட்டிலிருந்தே வேலை வேண்டும். தம்பிக்கு கேம். தாத்தாவுக்கு எதுவும் வேண்டாம்; ஆனால் வீடு அவர் பெயரில். கதவைத் திறந்தவரை மட்டும் கேட்டுவிட்டு ‘இந்த வீட்டின் மனப்பான்மை 4.2’ என்று எழுதுவது, சமையலறையில் நுழைந்து உப்பை மட்டும் நக்கிப் பார்த்துவிட்டுச் சாம்பாருக்கு மதிப்பெண் போடுவதுபோல.

ஒரு வீட்டுக்கு இருவர், தனித்தனியாக. ஒருவர், மாதச் செலவைக் கையில் வைத்திருப்பவர். இன்னொருவரை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது, வீட்டுக்காரரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. இதற்காகவே லெஸ்லி கிஷ் 1949இல் ஓர் அட்டவணை தந்தார். வீட்டிலுள்ள பெரியவர்களை வரிசைப்படுத்தி எழுதினால் யாரைக் கேட்பது என்று அட்டவணையே சொல்லிவிடும். டேப்லெட்டில் படிவம் ஏற்றினால் இது தானாக நடக்கும். இருவர் பதிலும் முரண்பட்டால் சராசரி எடுக்க வேண்டாம். அந்த முரண்தான் தகவல். மகன் 5, அம்மா 2 என்றால் அந்த வீட்டின் பதில் மூன்றரை இல்லை. ‘அம்மாவின் கவலை தீரும்வரை கிடையாது’ என்பதே.

கேள்வியின் சொல்

‘அதிவேக இணைய இணைப்பு தங்கள் குடும்பத்திற்குப் பயனுள்ளதாகவும் சிக்கனமாகவும் அமையும் எனக் கருதுகிறீர்களா?’ இப்படி ஒரு கேள்வி என் கையிலும் வந்து போயிருக்கிறது. ஒரே கேள்விக்குள் பயன், சிக்கனம் என்று இரண்டு கேள்வி. ‘அதிவேக’ என்று விளம்பரம் வேறு. சந்தையில் யாரும் ‘கருதுவதும்’ இல்லை. அதற்குப் பதில், நடந்ததைக் கேளுங்கள்: “போன வாரம் எத்தனை நாள் சாயங்காலத்துக்கு முன்னாடியே டேட்டா தீர்ந்துபோச்சு?” “தீர்ந்தப்போ என்ன பண்ணீங்க?” தினம் ஒன்றரை, இரண்டு ஜிபி என்று அளந்து கொடுக்கும் பிரீபெய்டு பேக்கில் வாழும் வீட்டுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். கற்பனை செய்ய வேண்டியதில்லை.

ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்த ஐந்து படி அளவுகோலை எல்லோரும் பயன்படுத்துகிறோம். ‘முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை…’ என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அரசாணை வாசிப்பதுபோல இருக்கும். கேட்பவர் மூன்றாவது வரியில் முதல் வரியை மறந்திருப்பார். இரண்டு படியாகப் பிரியுங்கள். முதலில் “ஆமாவா, இல்லையா, ரெண்டுக்கும் நடுவுலயா?” பிறகு “ரொம்பவா, கொஞ்சமாவா?” ஐந்து படியும் கிடைத்துவிடும், பேச்சும் இயல்பாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்பவரைப் பிடிக்கச் சில வாக்கியங்களைத் திருப்பிப் போடச் சொல்லும் புத்தகங்கள். செய்யலாம், ஆனால் ‘இல்லை’ சேர்த்துத் திருப்பாதீர்கள். ‘தேவையில்லை என்பதை ஏற்கவில்லை’ என்று தமிழில் வந்தால் கேட்பவரும் தடுமாறுவார், எழுதுபவரும் தடுமாறுவார். ‘போன் டேட்டாவே எங்களுக்குப் போதும்’ என்று நேராகத் திருப்புங்கள்.

நம்மூரின் ‘இல்லை’ அகராதியையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். “பார்க்கலாம்” என்றால் இல்லை. “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்றால் பெரும்பாலும் இல்லை. சில சமயம் உண்மையிலேயே வீட்டில் கேட்க வேண்டும். “பசங்க பரீட்சை முடியட்டும்” என்பதில் பாதி உண்மை. “ஆடி போகட்டும்” என்பது மட்டும் பல வீடுகளில் நிஜமான தேதி! புதிதாக எதையும் தொடங்காத மாதத்தில் ஆர்வத்தை அளந்துவிட்டு, அதை ஆண்டு முழுமைக்கும் நீட்டாதீர்கள். ஜூன் மாதமும் அப்படித்தான். ஸ்கூல் ஃபீஸ் கட்டிய கை எதற்கும் ‘வேண்டாம்’ என்று சொல்லும்.

படிவம் முடிந்ததும் பதினைந்து வீடுகளில் ஒத்திகை பாருங்கள். பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. “இந்தக் கேள்விய நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?” என்று மட்டும் கேளுங்கள். கண் திறந்துவிடும்.

பத்துப் புளியங்கொட்டை, நாலு விலை

‘எடுப்பீர்களா?’ என்று கேட்டால் ஆமாம் அல்லது இல்லை. பாதி மனசுக்கு அங்கே இடமில்லை. தாமஸ் ஜஸ்டர் 1966இல் பூஜ்யம் முதல் பத்து வரை வாய்ப்பைச் சொல்லச் சொன்னார். பத்து என்றால் நிச்சயம், பூஜ்யம் என்றால் சுத்தமாக இல்லை. எண் சொல்லத் தயங்குபவர்களிடம் நான் பத்துப் புளியங்கொட்டையை மேசையில் வைப்பேன். “அடுத்த மூணு மாசத்துல எடுக்கிற அளவுக்கு இதுல எத்தன தள்ளுவீங்க?” கிராமத்தில் பங்கேற்பு ஆய்வு செய்பவர்களிடம் இருந்து கற்றது. கொட்டையைத் தள்ளும்போது ஆள் யோசிப்பார். ஆறை வைத்துவிட்டு இரண்டைத் திரும்ப எடுப்பார். திரும்ப எடுத்ததற்குக் காரணம் கேளுங்கள். முழு நேர்காணலில் அதுவே தங்கம்.

விலைக்கு வான் வெஸ்டன்டார்ப் 1976இல் தந்த நான்கு கேள்விகள் போதும். மாசம் எவ்வளவு என்றால் ‘இவ்வளவு மலிவா, ஒழுங்கா வருமா?’ என்று சந்தேகம் வரும்? எவ்வளவு என்றால் ‘பரவாயில்லையே’? எவ்வளவு என்றால் ‘கொஞ்சம் ஜாஸ்திதான், யோசிக்கணும்’? எவ்வளவு என்றால் பேச்சே இல்லை? ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்: ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. 399 ரூபாய் என்று விளம்பரத்தில் இருப்பது கையிலிருந்து போகும்போது 471 ரூபாய். வரியில்லாத விலைக்கு வாங்கிய ‘சரி’, வரியோடு வரும்போது உடைந்துவிடும்.

அதோடு, வீட்டிலுள்ள எல்லாப் போன் ரீசார்ஜையும் கேபிள் கட்டணத்தையும் கூட்டிக் காட்டுங்கள். நாலு பேர் வீட்டில் அந்தத் தொகையை யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ‘வைஃபை வந்தால் இதெல்லாம் மிச்சம்’ என்று நீங்கள் சொல்லக் கூடாது. வெளியே போனால் போனுக்கு டேட்டா வேண்டும்தானே? அளக்க வந்தவர் விற்க ஆரம்பித்தால் அளவு கெட்டது.

எத்தனை வீடு, எந்த வீடு

385 வீடு போதும் என்று எல்லா பிராஜெக்ட் அறிக்கையிலும் இருக்கும். 95 விழுக்காடு நம்பகம், கூடக் குறைய 5 என்ற சூத்திரத்தில் வரும் எண் அது. முற்றிலும் சிதறித் தேர்ந்தெடுத்தால்தான் செல்லும். ஒரே தெருவில் இருபது வீடு எடுத்தால் அவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள்: ஒரே கேபிள்காரர், ஒரே வோல்டேஜ். கொத்துக் கொத்தாக எடுக்கும்போது எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி 770 என்று கேளுங்கள். மேலாளர் முகம் சுளித்தால், தெருவுக்கு இருபது வீட்டை எட்டாகக் குறைத்துத் தெருக்களைக் கூட்டுங்கள்.

வருமானத்தை நேராகக் கேட்காதீர்கள். சொல்லமாட்டார்கள், சொன்னாலும் நம்ப முடியாது. சந்தை ஆய்வாளர்கள் 2011 முதல் பயன்படுத்திய நுகர்வோர் வகைப்பாடு முக்கியச் சம்பாத்தியக்காரரின் படிப்பையும், 11 பொருட்களில் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்பதையும் வைத்து வீட்டைத் தரம் பிரிக்கிறது. தமிழ்நாட்டில் அதில் ஒரு சிக்கல் உண்டு. கலர் டிவியும் லேப்டாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இங்கே 2006க்குப் பிறகு டிவியை அரசே இலவசமாகக் கொடுத்தது. 2011க்குப் பிறகு பள்ளி மாணவர்களுக்கு லேப்டாப்பும் வந்தது. ஆகவே பொருள் ‘இருக்கிறதா’ என்பதோடு ‘வாங்கியதா, கொடுத்ததா’ என்றும் ஒரு கட்டம் போடுங்கள். மும்பையில் உட்கார்ந்து படிவம் செய்தவருக்கு இது தோன்றாது.

வாசலில்

மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் தனியாக இருக்கும் பெண், அறிமுகமில்லாத ஆணுக்குக் கதவு திறக்க வேண்டியதில்லை. சீரியல் நேரத்தில் போனால் படபடவென்று எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ போட்டு அனுப்பிவிடுவார்கள். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு நல்ல நேரம், கறிக்கடைக்குப் போனவர் திரும்பியிருப்பார். அடையாள அட்டை வெளியே தெரியட்டும். முதல் வாக்கியம் “வணக்கம்மா, விக்க வரல, கேக்க வந்தேன்.” பூட்டிய வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள். வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போங்கள். பகலில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். ஃபைபர் எடுக்க வாய்ப்பு அதிகமுள்ள வீடு அதுவாகவே இருக்கும்.

நேர்காணலுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் ஏஜென்சிகளில் மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலியில் இடக்குறியும் நேரமும் தானாகப் பதியும். இருபது நிமிடப் படிவம் நாலு நிமிடத்தில் முடிந்திருந்தால் ஆளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பத்தில் ஒரு வீட்டுக்காவது நீங்களே திரும்பப் போய்ச் சரிபாருங்கள்.

அறிக்கை

கணக்கு போடும் வேலை சுருக்கம்தான். ஒரே கருத்தை அளக்கும் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கிரான்பாக் ஆல்ஃபா பாருங்கள், 0.7க்கு மேல் வந்தால் சரி. 0.95 வந்தால் கொண்டாட வேண்டாம், ஒரே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஜாஸ்ப் மென்பொருள் இலவசம், மாணவர்களுக்கு அதுவே போதும்.

மேலாளர் ஒரே எண் கேட்பார். கொடுக்காதீர்கள். மூன்று கொடுங்கள்: பிடித்திருக்கிறது என்றவர், எடுக்கத் தடையில்லாதவர், ஏழு கொட்டைக்கு மேல் தள்ளியவர். மூன்றும் எங்கே குறைகிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் என்றால் விளம்பரத்துக்குச் செலவழித்துப் பயனில்லை. வீட்டு உரிமையாளரிடம் பேச ஆள் அனுப்ப வேண்டும், வீடு மாறினால் இணைப்பை இலவசமாக மாற்றித் தர வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே என்றால் விலையிலோ சர்வீஸ் பற்றிய அவநம்பிக்கையிலோ கோளாறு.

மூன்று மாதம் கழித்து அதே வீடுகளுக்குப் போன் செய்யுங்கள். எத்தனை கொட்டை தள்ளியவர் உண்மையில் எடுத்தார் என்று பார்த்தால், அடுத்த ஊரில் உங்கள் கணிப்பு கூர்மையாகும். பெரும்பாலான நிறுவனங்கள் இதைச் செய்வதில்லை. செய்தவருக்கு அலுவலகத்தில் தனி மரியாதை உண்டு. அதற்காக வாங்கும் போன் எண்களுக்குத் தெளிவான ஒப்புதல் வேண்டும், எதற்காக என்றும் சொல்லியிருக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் சட்டமே வந்துவிட்டது. விற்பனைப் பிரிவு அந்தப் பட்டியலைக் கேட்கும், கேட்காமல் இருக்காது. ‘விக்க வரல’ என்று வாசலில் நின்று சொன்னது நீங்கள். கொடுக்காதீர்கள்.